முக்கால் மீட்டர்

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. வராமல் என்ன? நன்றாகவே வரும். எனக்கு வருகிற மாதிரி வாய் வழியாக வராது, அவ்வளவுதான். எனக்கு மூக்கின் மேல் கோபம். அண்ணிக்குக் கோபம் வந்தால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் எதிராளி பாடு திண்டாட்டம்தான்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனி ஒன்றில் அண்ணிக்குத் துணி வெட்டுகிற வேலை. நீளமான மேஜை. அதில் நாற்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே அட்டை மாதிரியை வைத்து, ஒரே வெட்டில் நாற்பது சட்டையை வெட்ட வேண்டும். கை தவறினால் நாற்பதும் பாழ். பதினான்கு வருஷமாக அவள் கை தவறியதில்லை. அவளிடம் வேலை கற்ற ஆண்பிள்ளைகள் இருவரை அங்கே ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். சம்பளப் பட்டியலில் அவள் இன்னும் ‘ஹெல்ப்பர்’. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அவளோ, "பேர்ல என்ன இருக்கு, கத்தரி என் கையிலதானே இருக்கு" என்பாள்.

கழுத்து வளைவின் நடுவைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு தனி வழி உண்டு. மற்றவர்கள் துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மடித்து, மடிப்பு விழுந்த இடம்தான் நடு என்று கோடு போட்டுவிடுவார்கள். அண்ணி அப்படிச் செய்ய மாட்டாள். வளைவின் குறுக்கே ஸ்கேலை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அது எங்கே தொடுகிறது என்று பார்ப்பாள். அந்த இரண்டு புள்ளிக்கும் பாதியில் சாக்குக்கட்டியால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவாள். ஏன் இந்தச் சுற்று வழி என்று ஒருமுறை கேட்டேன்.

"துணியோட ஓரத்தை நம்பக் கூடாது. நமக்கு முன்னாடி யாராவது ஒரு பக்கம் வெட்டி எடுத்திருப்பாங்க. வளைவுக்கு அதெல்லாம் தெரியாது. அதோட நடு அதுக்குள்ளதான் இருக்கும்" என்றாள்.

அங்கே எல்லாரும் அவளைச் சரிபாதி என்று கூப்பிடுவார்கள். கேலிப் பேர்தான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷம். குளிர்சாதனப் பெட்டியும் அலமாரியும் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோகிற, நாலு பக்கமும் மூடிய வண்டி. உயரம் நாலு மீட்டர், அகலம் ரெண்டு மீட்டர் என்று கதவிலேயே எழுதியிருக்கும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான், கிழித்த கோட்டைத் தாண்டாதவன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்தால் இவன் மன்னிப்புக் கேட்பான்.

எங்கள் ஊரில் ரயில் பாதைக்குக் கீழே ஒரு பழைய கல் வளைவுப் பாலம் இருக்கிறது. தரையிலிருந்தே கிளம்பி, மேலே ஏறி, அந்தப் பக்கம் தரையில் இறங்குகிற ஒரே வளைவு. நடுவில் உயரம், ஓரங்களில் தாழ்வு. உயரமான வண்டிகள் சிக்னல் பார்த்து ஒவ்வொன்றாக, வளைவின் உச்சிக்குக் கீழே புகுந்து போக வேண்டும். அண்ணன் அந்தப் பாலத்துக்குள் ஆயிரம் தடவையாவது போயிருப்பான். உச்சி எங்கே என்று கண்ணாலேயே பார்த்துப் போவான்.

இந்த வருஷம் சாலைத் துறைக்காரர்கள் பாலத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் நடைபாதை கட்டினார்கள். ஒன்றரை மீட்டர் அகலம். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? கட்டி முடித்த கையோடு ரோட்டில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை: ‘உயரமான வண்டிகள் மஞ்சள் கோட்டின் மீது நடுவாகச் செல்ல வேண்டும். மீறினால் நடவடிக்கை.’

அண்ணன் மீறவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம்.

கோடு போட்ட ஐந்தாம் நாள், காலை பத்து மணிக்கு, கோட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் புகுந்தான். வண்டியின் மேல் மூலை கல்லில் போய் முட்டிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. தகரம் கிழிந்தது, உள்ளே இரண்டு பெட்டி நசுங்கியது. ஆனால் மேலே ரயில் பாதை ஆயிற்றே, கல் அசைந்திருக்குமோ என்று இரண்டு மணி நேரம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ரயில் நின்றால் ஊர் நின்ற மாதிரி. யார் தலையிலாவது கட்டியாக வேண்டும் இல்லையா? அன்று சாயங்காலமே அண்ணனின் லைசன்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

சாலைத் துறை இன்ஜினியர் ஓர் அறிக்கை கொடுத்தார். அரசு அலுவலகத்துக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் நான் டைப் அடிக்கிறேன். நகல் கேட்டு மனு போட்டு, வாங்கி வந்து வீட்டில் வாசித்தேன். பாலத்தின் அகலம் எட்டு மீட்டர், உச்சியின் உயரம் நாலு எண்பது என்று ஆரம்பித்து, y = −0.3x² + 2.4x என்று ஒரு சமன்பாடு. அடுத்த பத்தியில், மஞ்சள் கோடு ரோட்டின் சரியான நடுவில், இரு புறமும் மூன்றே கால் மீட்டர் இடைவெளியில் போடப்பட்டுள்ளது என்று ஒரு வரி. கடைசியில் தீர்ப்பு மாதிரி ஒன்று: ‘கல்லில் உள்ள சுரண்டல், உச்சியிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி உள்ளது. வண்டியின் பாதி அகலம் ஒரு மீட்டர். எனவே ஓட்டுநர் கோட்டை விட்டு முக்கால் மீட்டர் விலகி, கவனக்குறைவாக ஓட்டியுள்ளார்.’

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

"கை நழுவிடுச்சோ என்னவோ. படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்களே" என்றான்.

எனக்கு லைசன்ஸ் போனதைவிட இதுதான் பொறுக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து அவன் பால் பாத்திரத்தைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினான். சைக்கிளைத் தொடவில்லை. லைசன்ஸ் திரும்பி வந்தாலும் இவன் வண்டியில் ஏறுவானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையை ஒரே ஒரு தாள் முடக்கிப் போட்டிருந்தது.

அண்ணி அறிக்கையை வாங்கி மூன்று தடவை படித்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"என்ன அண்ணி, அந்த ஆளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க?"

"கணக்கு சரின்னுதான் சொன்னேன். வளைவோட உச்சி எட்டுல பாதி, நாலாவது மீட்டர்ல இருக்கு. சரி. உயரமும் சரியா வருது. ஆனா இவ்ளோ கச்சிதமா முக்கால் மீட்டர்னு எப்படி விலகுவார்? கை நழுவினா வண்டி கோணலா போயிருக்கும். அன்னிக்குப் பாலத்துல சுரண்டின எடத்தைப் பாத்தியா? நேரா போய் முட்டியிருக்கு."

கணக்கு என்றால் அண்ணிக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் கணக்கில் அவள்தான் முதல். பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளை அடுத்த வாரமே தையல் மெஷினில் உட்கார வைத்துவிட்டார் அவள் அப்பா. அவள் தம்பியைப் படிக்க வைத்தார்கள். அவன் ஏழு பாடத்தில் தோற்றான். கேட்டால் அண்ணி சிரிப்பாள், எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பாலத்துக்குப் போனோம். துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்களைக் கம்பெனியிலிருந்து கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் எண்பது. இரண்டை ஒன்றோடு ஒன்று செருகாமல், உள்ளே ஒரு குச்சியைக் கொடுத்து, முனையோடு முனை ஒட்டினாள். மூன்று மீட்டர் அறுபது. இன்னொரு குழாயின் தலையில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைக் கட்டினாள். இரண்டு மீட்டர் பத்து.

டீக்கடையில் நின்ற நாலு பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். "என்னம்மா, பாலத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "உங்க வாய்க்குத் தைக்கத்தான் அளவு எடுக்கறோம்" என்றேன். அண்ணி என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

நீளக் குழாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் ஓரத்திலிருந்து நகர வேண்டும், அது கல்லைத் தொடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இதுதான் என் வேலை. நான் சமர்த்தாக நடைபாதை மேல் ஏறி நின்று ஆரம்பித்தேன்.

"இறங்கு, இறங்கு! நடைபாதை ஒரு ஜாண் உசரம். அதையும் சேர்த்தா அளக்குறது? நாற்பது சட்டை போச்சு!" என்று கத்தினாள். வேலை செய்கிற இடத்தில் அவள் திட்டுகிற திட்டு இதுதான் போலிருக்கிறது. இறங்கினேன்.

நடைபாதை விளிம்பிலிருந்து ஐம்பது சென்டிமீட்டரில் குழாய் கல்லைத் தொட்டது. எதிர்ப் பக்கம் சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் தொட்டது. இரண்டு இடத்திலும் சாக்குக்கட்டியால் குறி போட்டாள். இடையில் நாடா பிடித்தோம். நாலு மீட்டர்.

"ஒரே உசரத்துல இருக்குற ரெண்டு புள்ளி. உச்சி ரெண்டுக்கும் சரிபாதியிலதான் இருந்தாகணும். வேற எங்கயும் இருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மீட்டரில் பெருக்கல் குறி போட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வளைவின் உச்சிக் கல் அந்தக் குறிக்கு நேர் மேலே இருந்தது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு அந்தக் குறியில் இல்லை. தள்ளி இருந்தது.

அண்ணி நாடாவைப் போட்டாள். கோட்டிலிருந்து நடைபாதை விளிம்பு மூன்றே கால் மீட்டர். கோட்டிலிருந்து எதிர்ச் சுவர் மூன்றே கால் மீட்டர். கோடு ரோட்டின் நடுவில்தான் இருந்தது, இன்ஜினியர் பொய் சொல்லவில்லை. ஆனால் ரோட்டின் நடு வேறு, வளைவின் நடு வேறு. ஒரு பக்கம் ஒன்றரை மீட்டரை நடைபாதை தின்றுவிட்டதே! ஓரத்தை வெட்டின துணியை மடித்து நடு பார்த்திருக்கிறார் மகராசன்.

கோட்டுக்கும் குறிக்கும் இடையில் நாடாவை வைத்து என்னைப் படிக்கச் சொன்னாள். எழுபத்தைந்து சென்டிமீட்டர். முக்கால் மீட்டர்.

அந்த அறிக்கையில் என் அண்ணன் தலையில் எழுதியிருந்த அதே முக்கால் மீட்டர். விலகியது வண்டி இல்லை, கோடு.

"இரு, உசரத்தையும் பாத்துடுவோம். பாதி கணக்கோட போனா நம்மளைச் சிரிப்பாங்க" என்றாள் அண்ணி. குட்டைக் குழாயைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். சுவரிலிருந்து ஒரு மீட்டரில் கல்லைத் தொட்டது. அதாவது குறியிலிருந்து மூன்று மீட்டர்.

"நடுவிலேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளினா வளைவு ஈரெண்டு நாலு பங்கு இறங்கும். மூணு மீட்டர் தள்ளினா மும்மூணு ஒம்போது பங்கு. நாலுக்கும் ஒம்போதுக்கும் வித்தியாசம் எத்தனை பங்கு?"

"அஞ்சு."

"ரெண்டு குழாய்க்கும் எவ்ளோ வித்தியாசம்?"

"ஒன்றரை மீட்டர்."

"அப்போ ஒரு பங்கு முப்பது சென்டிமீட்டர். நாலு பங்குக்கு ஒரு மீட்டர் இருபது. நீளக் குழாயோட சேரு."

"நாலு எண்பது." எனக்குக் கணக்கு ஆகவே ஆகாது. எனக்கே வந்தது.

"இன்ஜினியரும் நாலு எண்பதுதான் எழுதியிருக்கார். உச்சி எவ்ளோ உசரம்னு சரியா கண்டுபிடிச்சவருக்கு, அது எதுக்கு மேல இருக்குன்னு அண்ணாந்து பாக்க முடியல."

அதற்குப் பிறகு நடைபாதையில் உட்கார்ந்து, அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதினாள். கோட்டின் மேல் போகிற வண்டியின் ஒரு மூலை உச்சியிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே வளைவு தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். மிச்சம் மூன்று மீட்டர் எண்பத்தெட்டு. வண்டி நாலு மீட்டர். கோட்டின் மேலேயே போனால் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடித்தே தீரும். குறியின் மேல் போயிருந்தால் இரண்டு மூலைக்கும் அரை மீட்டர் இடம் இருந்திருக்கும்.

எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். "அவர் கோட்டு மேலதான் போயிருக்கார். ஒரு விரக்கடை கூட விலகல" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. ஆத்திரம்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னோம். அண்ணி எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் மெல்லச் சொன்னான்: "எனக்கும் கோடு தள்ளி இருக்குற மாதிரி பட்டுச்சு. மேல பாத்தா ஒரு மாதிரி, கீழ பாத்தா ஒரு மாதிரி. ஆனா கோடு போட்டவங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த அலுவலகத்தின் மேஜை நாற்காலியை எல்லாம் புரட்டிப் போடலாம் போல எனக்கு இருந்தது.

மனுவை நான் அடித்தேன். ஏழு ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். அண்ணி ஏழையும் எடுக்கச் சொன்னாள். ‘நேரில் வந்து அளந்து பார்க்கவும்’ என்கிற ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள்.

முதல் விசாரணை. விசாரணை அதிகாரி வயதானவர், அடிக்கொரு தரம் இருமினார். இன்ஜினியர் சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி எழுதியிருந்த தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அட்டைக் குழாயா?" என்று கேட்டு அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அண்ணியிடம், "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடம் வரைக்கும் சார்."

"இது இருபடிச் சார்பு. இதோட உச்சியைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் இருக்கு. அதாவது தெரியுமா?"

"மைனஸ் பி பை டூ ஏ. உங்க சமன்பாட்டுக்குப் போட்டா எக்ஸ் நாலுன்னு வரும். தெரியும் சார்."

அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது.

"ஆனா எங்கேர்ந்து நாலுன்னு சூத்திரம் சொல்லாது. அதை நாமதான் பாக்கணும். நீங்க வளைவு தொடங்குற எடத்துலேர்ந்து எண்ணியிருக்கீங்க. அந்த எடம் இப்போ நடைபாதைக்கு அடியில இருக்கு. கோடு போட்டவங்க நடைபாதை முடியுற எடத்துலேர்ந்து எண்ணியிருக்காங்க. ரெண்டும் ஒன்னு இல்ல சார்."

"தையக்காரங்க வந்து எங்களுக்கு ரோடு போடச் சொல்லித் தர்றாங்க" என்றார் இன்ஜினியர். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டாள். அதிகாரி இருமி முடித்து, பத்து நாள் கழித்து எல்லாரும் பாலத்துக்கு வாருங்கள், நேரில் பார்க்கலாம் என்றார். அதுவே எங்களுக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் போனோம். அண்ணனையும் வற்புறுத்திக் கூட்டிப் போனோம். எங்களுக்கு முன்னால் இன்ஜினியர் வந்து நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"சார், இதுதான் உச்சிக் கல். இதோ தூக்குக் குண்டு விடுறேன்" என்று ஒரு நீண்ட கழியின் நுனியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. சரியாக மஞ்சள் கோட்டின் மேல். "கோடு உச்சிக்கு நேர் கீழ இருக்கு. இந்தம்மா சொன்ன முக்கால் மீட்டர் எங்க இருக்குன்னு கேளுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு மூக்கில் பெயின்ட் வாடை ஏறியது. கோடு பளபளவென்று புதுசாக இருந்தது. அந்தப் பக்கம், பழைய கோடு இருந்த இடத்தில், கறுப்பாகத் தாரைப் பூசி மெழுகியிருந்தார்கள். கோட்டையே தூக்கிக்கொண்டு போய் அண்ணி குறி போட்ட இடத்தில் வைத்துவிட்டுச் சாந்தமாக நிற்கிறார் மனுஷன்! "அடப்பாவி!" என்று என் வாயிலிருந்து வந்தேவிட்டது. அதிகாரி என்னை முறைத்தார். போன மாதக் கோட்டை நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. நாடாவைத்தான் நம்பினோம்.

அண்ணன் தார் பூசின இடத்தைப் பார்க்கவில்லை. குண்டையும் கோட்டையும் மட்டும் பார்த்தான்.

"வாங்க, போகலாம். நான்தான் விலகியிருப்பேன்" என்று திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றாள். கழுத்திலிருந்து நாடாவை உருவினாள்.

"சார், இவரோட அறிக்கையில ரெண்டாவது பத்தியைக் கொஞ்சம் சத்தமா படிக்கிறீங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

அவர் கோப்பைத் திறந்தார். "மஞ்சள் கோடு ரோட்டின் சரியான நடுவில், இரு புறமும் மூன்றே கால் மீட்டர் இடைவெளியில்…"

"கீழ யார் கையெழுத்து சார்?"

"இவருடையது."

"இப்போ இந்த நாடாவோட நுனியை நீங்களே பிடிங்க. நாங்க பிடிச்சா கூட்டிக் கொறச்சுட்டோம்னு சொல்லுவாங்க."

வயதான மனிதர், பாவம், குனிந்து பிடித்தார். கோட்டிலிருந்து நடைபாதை விளிம்பு இரண்டரை மீட்டர். கோட்டிலிருந்து எதிர்ச் சுவர் நாலு மீட்டர். அவரே படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு நிமிர்ந்து இன்ஜினியரைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் மூணே காலுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அது… பராமரிப்பு வேலை நடந்துச்சு சார். போன வாரம். கோடு மங்கியிருந்துச்சுன்னு…"

"மங்கின கோட்டு மேலதானே திரும்பப் பூசுவாங்க? ஏன் எடம் மாறுச்சு?"

இன்ஜினியர் நூலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அண்ணி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்ன எடத்துக்கே மாத்தியிருக்காங்க சார். ஒரு சென்டிமீட்டர் கூடத் தள்ளல. நான் போட்ட கணக்கு தப்புன்னா, கோட்டை ஏன் அங்க கொண்டுபோய்ப் போட்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரி கோப்பில் நிறைய எழுதிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் ஆயிற்று. லைசன்ஸை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்று பேரும் போனோம். கவுன்டரில் இருந்தவர் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். லைசன்ஸ் அதன் மூலையில் குத்தியிருந்தது. அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். ‘ஓட்டுநரின் முதல் தவறு என்பதாலும், அவருடைய குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டும், கருணை அடிப்படையில் உரிமம் திருப்பித் தரப்படுகிறது. இனி கவனமாக ஓட்டுமாறு எச்சரிக்கப்படுகிறார்.’

கருணையாம்! கோட்டைத் தப்பாகப் போட்டவர், அதைத் திருட்டுத்தனமாக மாற்றிப் போட்டவர் அதே நாற்காலியில் அதே சலவைச் சட்டையில் இருக்கிறார். இவனுக்குக் கருணை. நான் கவுன்டரை நோக்கிப் பாய்ந்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அவர் லைசன்ஸ். அவர் சொல்லட்டும்."

அவன் என்னத்தைச் சொல்வான் என்று எனக்குத் தெரியாதா? கையெழுத்தைப் போட்டுவிட்டு, ரொம்ப நன்றிங்க என்று கும்பிடும் போடுவான். பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"சீக்கிரம் போடுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் கவுன்டர்காரர்.

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தான்.

"இது எனக்கு வந்த லெட்டர் இல்லைங்க."

"உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"பேர் என்னுதுதான். இதுல எழுதியிருக்குற தப்பு என்னுது இல்ல. அதைப் பண்ணவருக்கு அனுப்புங்க."

கவுன்டர்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "லைசன்ஸ் வேணாமா உங்களுக்கு?"

"வேணும். அது இல்லாம எனக்குப் பொழப்பு இல்ல. ஆனா இந்தத் தாளோட வேணாம்."

சொல்லிவிட்டுப் போய்ச் சுவர் ஓரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மாற்றி எழுதுகிற வரைக்கும் இருக்கிறேன் என்றான். அதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கதவு திறக்கும் முன்பே போய் நின்றான். அடுத்த நாளும் போனான். யாரிடமும் சண்டை போடவில்லை, யாரையும் கும்பிடவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

நாலாம் நாள் மத்தியானம் வேறு தாள் வந்தது. அண்ணன் எழுந்து போய் வாங்கினான். மனதுக்குள் படிக்கவில்லை. அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்: "ஓட்டுநர் மஞ்சள் கோட்டின் மீதே ஓட்டியுள்ளார். கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருந்தது. அவர் மீது எந்தத் தவறும் இல்லை."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உள் அறைக் கதவு திறந்தது. அந்தச் சலவைச் சட்டை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

அண்ணன் தாளைத் திருப்பிப் பிடித்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தான். இந்தத் தடவை இன்னும் சத்தமாக.